நான்கு திட்ட விலகல்

ஜனவரி 22

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே நான் நலம். உன் அத்தை நலம். என் வலது கண் மிக மிக நலம். நீயும் மகனும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை எழுதித் தெரிவிக்க வேண்டும். போனில் சொல்லிவிடாதே. எழுத வேண்டும்.

இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. உன் அத்தை வந்து, "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டாள். எல்லாரும் நலம் என்பது வரைக்கும் வந்திருக்கிறது என்றேன். "அப்ப முடிஞ்சுதே, ஒட்டிப் போட்டுட்டு வாங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். எனக்கு இப்போதுதான் கை ஓட ஆரம்பித்திருக்கிறது.

இது நான் எழுதும் முதல் கடிதம். மகனுக்கு எழுதாமல் உனக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவன் தப்பையெல்லாம் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவான். நீ சிரிப்பாய். அவ்வளவு தூரத்தில் இருந்து சிரித்தால் இங்கே கேட்காது.

காலமெல்லாம் பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவன் நான். எண்கள் எனக்கு அத்துப்படி. எழுத்துதான் பிடிபடவே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போன ஆகஸ்டில், பேட்டரிக் கடை மாடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் 'வாசிப்பு வட்டம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். முதியோர் கல்வி என்று எழுதினால் யாரும் கௌரவம் பார்த்துப் படியேற மாட்டார்களாம், அதனால் டீச்சரம்மா அப்படி ஒரு பெயர் வைத்தார். தெருவில் போகிறவர்கள் நாங்கள் மேலே உட்கார்ந்து தடித்தடிப் புத்தகமாகப் படித்துத் தள்ளுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே பார்த்தால் நாங்கள் 'தட்டு' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

இப்போது எனக்கு எல்லா எழுத்தும் தெரியும். ஔ என்ற எழுத்தை எங்கே பயன்படுத்துவது என்றுதான் இன்னும் வழி கிடைக்கவில்லை. புள்ளிதான் பெரிய தொல்லை. வைக்க வேண்டிய இடத்தில் மறக்கிறேன், வைக்கக் கூடாத இடத்தில் வைக்கிறேன். உனக்குப் புள்ளியியல் வேலை என்று மகன் சொன்னபோது, எழுத்துகளுக்கு மேல் புள்ளி வைக்கிற வேலை போலிருக்கிறது, அதற்கு ஏன் இத்தனை வருஷம் படித்தாள் என்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. புள்ளி வைப்பதற்கு அத்தனை வருஷம் தேவைதான்.

என் வலது கண்ணில் புரை எடுத்து அக்டோபரில் ஒரு புது வகை வில்லை, அதுதான் லென்ஸ், வைத்தார்கள். தூரமும் தெரியும், கண்ணாடி போடாமலேயே கிட்டத்தில் இருப்பதும் தெரியும். அது வந்த பிறகுதான் எனக்கு எழுத்து ஓடுகிறது. முன்பு ஒரு வரியைக் கடப்பது சேற்றில் நடப்பது போல் இருக்கும். இப்போது கட்டாந்தரை. இருட்டினால் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. அது தெரிந்துவிட்டுப் போகட்டும்.

உன் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. மார்ச் இருபதாம் தேதி அறுவை என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். பழைய வகை வில்லையா, புது வகை வில்லையா என்று நாங்களே முடிவு செய்து சொல்ல வேண்டும். புதியதுதான் என்று நான் சொல்லிவிட்டேன். அவள் பிடி கொடுக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே அவளுடைய செருப்புக் கடையை உனக்குத் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சாலையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். "எனக்கு எழுத்து வேணாம். பஸ்ஸு எவ்வளவு தூரத்துல வருதுன்னு தெரிஞ்சா போதும்" என்கிறாள். என் கண் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்த பிறகும் இப்படிப் பேசினால் என்ன செய்வது. நீ ஒரு வரி எழுது. உன் பேச்சைக் கேட்பாள்.

இன்னொன்று. எனக்கு எழுதும்போது சின்னப் பிள்ளைக்கு எழுதுவது போல் எழுதாதே. உன் அலுவலகத்தில் எப்படி எழுதுவாயோ அப்படி எழுது. படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் மாமா (சொந்தக் கையால்)


பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசற்படியில் நின்றபடியே படித்து முடித்தேன். பிறகு உள்ளே வந்து உங்கள் மகனிடம் கொடுத்தேன். அவர் வட்டம் போடவில்லை. ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "அப்பாவோட 'ழ' என்னோடதைவிட நல்லா இருக்கு" என்றார். சிரித்தேன் என்பது உண்மை. அங்கே கேட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்டபடியே என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். எழுத்துப் பெரிதாக இருப்பது உங்களுக்காக இல்லை, சந்தோஷம் வந்தால் என் கையெழுத்து அப்படித்தான்.

கண்ணைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். முதன்முதலாக முழுப் பொறுப்பும் என்னிடம். நீங்கள் சொன்ன அதே இரண்டு வகை வில்லைகள்தான் பொருள். வெவ்வேறு ஊர்களின் மருத்துவமனைகளில் அறுபது பேரைச் சேர்த்து, சீட்டுப் போட்டு, பாதிப் பேருக்குப் பழைய வில்லை, பாதிப் பேருக்குப் புதிய வில்லை வைத்தார்கள். பழைய வில்லைக்காரர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டும் புதியவர்கள் போடாமலும் ஓர் அட்டையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எழுதிக்கொள்வார்கள். அறுவைக்கு முன் ஒரு முறை, பின் இரண்டு முறை. எங்களுக்குப் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். இரண்டு கூட்டத்தின் முன்னேற்றத்தையும் ஒப்பிட்டு, இருக்கிற வித்தியாசம் வில்லையால் வந்ததா, தற்செயலா என்று சொல்வது என் வேலை.

போன வாரம் இரண்டாம் சுற்று எண்கள் வந்தன. புதிய வில்லைக்காரர்களின் முன்னேற்றம் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தற்செயலாக இப்படி வருவது அபூர்வம். எங்கள் மேடம் என் மேசைக்கே வந்து, "மறுபடி போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்தேன். அதேதான் வந்தது. அடுத்த மாதம் ஒரு பெரிய கூட்டத்தில் இதை நான் பேசப் போகிறேன்.

அதில் பதினேழாம் எண்காரர் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் அலுவலகமே அவரைப் பற்றித்தான் பேசுகிறது. அவர் சராசரியிலிருந்து நான்கு திட்ட விலகல் தள்ளி நிற்கிறார். இப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

அத்தையிடம் சொல்லுங்கள். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் புதிய வில்லையே நல்லது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 11

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். உன் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பதினேழாம் எண் வரும் வரைக்கும்.

அந்தப் பதினேழு நான்தான்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்தவன் நான். அட்டை படித்தவன் நான். ஒவ்வொரு முறை போகும்போதும் சட்டையில் பதினேழு என்று குத்திவிடுவார்கள். இரண்டாம் முறை நான் படித்து முடித்ததும், நேரம் பார்க்கிற பெண் எழுந்து நின்றுவிட்டது. "ஐயா, போன தடவை வந்தது உங்க அண்ணனா?" என்று கேட்டது. அந்த சந்தோஷத்தில்தான் உனக்குக் கடிதம் எழுதவே உட்கார்ந்தேன்.

நீ என்ன எழுதியிருக்கிறாய்? நான்கு திட்ட விலக்கல் தள்ளி நிற்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நான்கு பேர் கூடி நின்று திட்டி, விலக்கி, தள்ளி நிற்க வைக்கிற அளவுக்கு நான் என்ன தப்பு செய்தேன்? நன்றாகப் படித்தது தப்பா? உன் அலுவலகமே என்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று வேறு எழுதியிருக்கிறாய். பேசட்டும். லிஃப்டில் ஏறினவர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறார்கள். ஆனால் எவரும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. நின்றால் லிஃப்ட் யார் ஓட்டுவது?

இதெல்லாம் செய்தவன் உன் மாமா என்று உனக்குத் தெரியாது. அதனால் உன்மேல் பாதிக் கோபம்தான். மீதிப் பாதி உன் மேடத்தின்மேல்.

மூன்றாம் முறை அட்டை படிக்க நான் போவதாக இல்லை. விலக்கியவர்கள் வீட்டுக்கு யார் போவார்கள்.

உன் அத்தை, "அவ அப்படி எழுதுற பொண்ணு இல்ல. நீங்க சரியாப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். நான்கு முறை படித்தேன், திட்டுக்கு ஒரு முறை.

இப்படிக்கு,
பதினேழு


பிப்ரவரி 17

அன்புள்ள, என் மதிப்புக்குரிய மாமாவுக்கு,

மூன்று நாளாகப் போன் செய்கிறேன். அத்தை எடுத்து, "அவர் வீட்டுல இல்லைன்னு சொல்லச் சொன்னார்மா" என்கிறார். பின்னால் நீங்கள் இருமுவது கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். அவசரத் தபாலில் வருகிறது. கோபத்தோடு இருந்தாலும் முழுவதும் படித்துவிடுங்கள்.

என் கடிதத்தை எடுத்து அந்தச் சொல்லை மறுபடி பாருங்கள். விலகல். நீங்கள் படித்தது விலக்கல். நடுவில் ஒரு 'க்' உங்கள் கண் சேர்த்தது. விலக்கல் என்றால் பிறர் நம்மைத் தள்ளுவது. விலகல் என்றால் இடைவெளி மட்டும்தான். 'திட்ட' என்பதும் ஏசுவது இல்லை, திட்டமான அளவு என்று பொருள். ஒரு கூட்டத்தில் சாதாரணமாக ஒருவர் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பாரோ அதை ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். முக்கால்வாசிப் பேர் ஓரடிக்குள், ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடுவார்கள். நீங்கள் நான்கு அடிக்கு அப்பால், எல்லாருக்கும் முன்னால் நிற்கிறீர்கள். உங்களை யாரும் திட்டவில்லை, மாமா. எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஆனால் அந்தப் பதினேழு நீங்கள்தான் என்று படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் தேதிகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

நீங்கள் ஆகஸ்டில்தான் எழுத்துப் படிக்க ஆரம்பித்தீர்கள். முதல் அட்டையைப் படித்தது அக்டோபரில். அப்போது உங்களுக்கு எழுத்தே புதிது. இரண்டாம் அட்டை ஜனவரியில். இடையில் உங்கள் கண்ணில் வில்லை வந்தது சரி. வகுப்பும் நடந்ததே. நீங்கள் ஓடியது வில்லையாலா, வகுப்பாலா? லிஃப்டில் தரைத்தளத்தில் ஏறியவர் எட்டு மாடி போவார். ஆறாம் மாடியில் ஏறியவர் இரண்டு மாடிதான் போவார். இருவரும் போய் நின்ற இடம் ஒன்றுதான். எத்தனை மாடி ஏறினார்கள் என்பதை மட்டும் எண்ணி, முதலாமவரின் செருப்பு உசத்தி என்று சொன்னால் எப்படி இருக்கும்? நான் அதைத்தான் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் ஊர் மருத்துவமனையின் தாள்களை எடுத்துப் பார்த்தேன். சிலருக்கு எதிரே, 'வாசிப்பு வட்டத்தினர், தினமும் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள்' என்று எழுதியிருக்கிறது. டீச்சரம்மா வைத்த பலகை தெருவில் போகிறவர்களோடு நிற்கவில்லை. மருத்துவமனையும் அதை நம்பிவிட்டது. அவர்கள் அனுப்பிய எண்களை நானும் நம்பினேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினேழு யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதால், இனி என் கணக்கை இன்னொருவரும் தனியாகப் போட்டுப் பார்ப்பார். அதுதான் முறை. ஆனால் வட்டத்திலிருந்து போனவர்கள் யார், அவர்களுக்கு எந்த வில்லை என்று அவரவரிடமே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் எழுதுங்கள். மூன்றாம் முறைக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே இது: அத்தை எந்தத் தாளிலும் இப்போது கைநாட்டு வைக்க வேண்டாம். போன கடிதத்தில் புதியதே நல்லது என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு சாலையைத் தாண்டுகிறவர் கண்ணுக்கு அந்த வளையங்கள் சின்ன விஷயம் இல்லை. எழுத்து வேகமாக ஓடும் என்பதற்காக அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஓடவே இல்லை என்றால்?

உங்கள் மருமகள்


பிப்ரவரி 26

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். எல்லாரும் நலம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விலகல். அந்தச் சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். க் இல்லை. வீட்டிலும் தேடினேன், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உன் அத்தைக்கு விஷயத்தைச் சொன்னேன். "வைக்க வேண்டிய இடத்துல வைக்காம, வச்சுக்கிட்டிருந்த புள்ளிய எல்லாம் அங்க கொண்டு போய் வச்சீங்களாக்கும்" என்றாள். இப்போது எனக்கு உன்மேலும் கோபம் இல்லை, மேடத்தின்மேலும் இல்லை. புள்ளியின்மேல்தான்.

நீ கேட்டதை விசாரித்தேன். எங்கள் வட்டத்திலிருந்து ஆறு பேர் போயிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் பலகையைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார்கள். படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றோம். அந்த வாரம்தான் தெரிந்திருந்தது. பின்னே தெரியாது என்றா சொல்வோம்? எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டிருந்தால் அதையும் பெருமையாகச் சொல்லியிருப்போம். கேட்கவில்லையே.

ஆறு பேரில் ஐந்து பேருக்குச் சீட்டில் புது வில்லை விழுந்தது. துணி தேய்க்கிறவர் ஒருவருக்கு மட்டும் பழையது. அவருக்கு அதில் ஏக வருத்தம். வருத்தத்தில் இன்னும் கூடுதலாகப் படிக்கிறார். இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் ஒரு பக்கம். அவர் எண்ணை நான் எழுத மாட்டேன், நீயே கண்டுபிடித்துக்கொள்வாய். எல்லாரும் சம்மதம் என்றார்கள். "நாங்க படிச்சது கணக்குல வரணும், அவ்வளவுதான்" என்று அவர் சொல்லச் சொன்னார்.

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு முகம் தொங்கிவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். வில்லையால்தான் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பிறகு ஒரு யோசனை வந்தது. என் இடது கண்ணில் இன்னும் அறுவை ஆகவில்லை. புரை கொஞ்சம்தான். புது வில்லையும் கிடையாது, பழைய வில்லையும் கிடையாது. வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடது கண்ணால் படித்தால் என்ன ஆகும்?

எதை வைத்துப் படிப்பது? வீட்டில் இருப்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் என் பழைய கட்டடத்துக்குப் போனேன். லிஃப்டில் என் ஸ்டூலுக்கு மேலே ஒரு தகடு அடித்திருப்பார்கள். என் தலைக்கு மேலேயே காலமெல்லாம் இருந்தது, என்னவென்று யாரையும் கேட்டதில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் அண்ணாந்து பார்த்தேன். கொஞ்சம் பனிமூட்டமாக இருந்தது. ஆனால் எழுத்து நிற்கவில்லை, ஓடியது. 'லிஃப்ட் இயக்குபவரிடம் பேசக் கூடாது.'

அம்மாடி, நான் சிரித்த சிரிப்பில் லிஃப்டில் இருந்தவர்கள் மூன்றாம் மாடியிலேயே இறங்கிவிட்டார்கள். அத்தனை வருஷமும் என்னிடம் பேசாத ஆள் அந்தக் கட்டடத்தில் உண்டா? கல்யாணம், சண்டை, சம்பளம், வயிற்று வலி, எல்லாம் என்னிடம்தானே சொன்னார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள்.

இதில் உனக்கு வேண்டியது இதுதான். வில்லை வைக்காத கண்ணும் படிக்கிறது. அப்படியானால் படிப்பது கண் இல்லை. நான். ஆஸ்பத்திரி எனக்கு ஒரு வில்லை கொடுத்தது, நன்றி. மற்றது என் சம்பாத்தியம்.

மூன்றாம் முறைக்கு மார்ச் முதல் வாரம் போகிறேன். உன் அத்தை தாளில் கைநாட்டு வைக்கவில்லை. "மருமக சொல்ற வரைக்கும் பெருவிரல மடக்கியே வச்சிருக்கேன்" என்கிறாள். இருபதாம் தேதி காலையில் அறுவை. அதற்குள் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் மாமா


மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தைக்குப் பழைய வில்லை. தயங்க வேண்டாம். டாக்டரிடமும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்குக்காரிதான், டாக்டர் இல்லை. ஆனால் கணக்கு இதைத்தான் சொல்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாளாக இங்கே யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் இடது கண் கதையை மேடத்துக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஓர் ஆளின் ஒரே ஒரு கண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தகட்டில் எழுதியிருந்ததைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "எல்லாத்தையும் மறுபடி அளந்துடுவோம்" என்றார்.

மூன்றாம் முறை வந்த எல்லாருக்கும் அட்டையோடு இன்னொன்றும் காட்டச் சொன்னோம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஒரு குறி. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையைக் காட்டினால் போதும். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டாம். கண்ணை மட்டும் அளக்கும், வகுப்பை அளக்காது.

அதில் இரண்டு கூட்டமும் சமம். பழைய வில்லைக்காரர்கள் கண்ணாடி போட்டால் புதியவர்கள் பார்ப்பதையெல்லாம் பார்க்கிறார்கள். புதியவர்களுக்குக் கண்ணாடி தேடுகிற வேலை மிச்சம், அது உண்மையான நன்மைதான். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் என்று சொன்னவர்கள் அவர்கள் பக்கமே அதிகம்.

வாசிப்பு அட்டையில்தான் சண்டை. உங்கள் ஆறு பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று மேடம் சொன்னார். மாமா, இந்த முறை நீங்கள் படிப்பது சரி. விலக்கல். அந்தச் சொல்லைத்தான் சொன்னார். நான் எழுந்து நின்று பேசினேன், எனக்கே ஆச்சரியம். அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் வரலாம் என்று விதி போட்டது நாம். அவர்கள் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக ஆளைத் தூக்கினால், நாளைக்கு யாரை வேண்டுமானாலும் தூக்கலாம். அவர்களை வைத்துக்கொண்டே ஒப்பிடுவோம். புதிதாகப் படிப்பவரைப் புதிதாகப் படிப்பவரோடு, பழகியவரைப் பழகியவரோடு. அவர்கள் இல்லாமலும் ஒரு முறை போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவோம் என்றேன்.

அப்படிப் போட்டபோது அந்த இரண்டு மடங்கு மாயமாக மறைந்துவிட்டது. படிக்கப் பழகியவர்களிடம் இரண்டு வில்லைக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் ஆறு பேரும் தனியே பாய்ந்திருக்கிறீர்கள். அதில் உங்களுக்கு அடுத்தபடியாக, உங்கள் தோளை உரசிக்கொண்டு நிற்பவர் யார் தெரியுமா? பழைய வில்லைக்காரர். நான் அவர் எண்ணைக் கேட்கவே இல்லை. இஸ்திரிப் பெட்டிச் சூடு இங்கே வரைக்கும் தெரிகிறது. தனியாகக் கணக்குப் போட்டவருக்கும் இதே விடைதான் வந்தது.

நேற்று அந்தப் பெரிய கூட்டத்தில் பேசினேன். புதிய வில்லை அதிசயம் என்று பேசுவதாக இருந்தவள், அதிசயம் இல்லை என்று பேசினேன். முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்த்தே படித்தேன். பிறகு பலகையைப் பற்றிச் சொன்னேன். ஒரு வகுப்புக்கு வைத்த மரியாதையான பெயர் எங்கள் கணக்கையே எப்படிச் சாய்த்தது என்று சொன்னதும், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "எங்க ஆராய்ச்சியிலயும் படிக்கத் தெரியுமான்னு மட்டும்தாம்மா கேட்டோம்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். நான் இதுவரை இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை.

துணி தேய்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் படித்தது கணக்கில் இருக்கிறது. ஆறு பேரும் இருக்கிறீர்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்ததும் எழுதுங்கள். போனில் சொன்னாலும் கோபிக்க மாட்டேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

போனில் மகனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் சொன்னது வேறு, எழுதுவது வேறு.

உன் அத்தைக்கு முதலில் வலது கண் முடிந்தது. பழைய வில்லை. டாக்டரிடம் கேட்டேன். சாலையைத் தாண்டுகிறவருக்கு இதுதான் சரி என்றுதான் அவரும் நினைத்திருந்தாராம், நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ என்று காத்திருந்தாராம். அடுத்த நாள் கட்டு அவிழ்த்தார்கள். முதலில் என்னைப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்த்தாள். "இப்படியா இருக்கீங்க?" என்றாள். எப்படி என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீடு வந்து சேர்ந்ததும் சுவரைப் பார்த்து, ஒட்டடையைப் பார்த்து, பாத்திரத்தைப் பார்த்து, இத்தனை நாள் யார் விளக்கினது என்று கேட்டாள். நான்தான் விளக்கினேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

நேற்றுதான் முதல் முறையாகக் கடை திறந்தாள். நானும் கூடப் போய் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்தது. கடையைச் சாத்திக்கொண்டு சாலையோரம் வந்து நின்றோம். தெருவிளக்கும் பஸ் விளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டன. எனக்கு ஒவ்வொன்றைச் சுற்றியும் வளையம். வளையத்துக்குள் வளையம். எது கிட்டே வருகிறது, எது தூரத்தில் நிற்கிறது என்று புரியவில்லை. புரை இருந்தவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பழகிய நான், வழக்கம் போல் அவள் கையைத் தேடினேன். கை அங்கே இல்லை. அவள் பாதிச் சாலைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். நான் இந்தப் பக்கமே நிற்கிறேன். ஒரு பஸ்ஸை விட்டு, ஓர் ஆட்டோவை விட்டு, அவசரமே இல்லாமல் திரும்பி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் பாக்குறேன். நீங்க வாங்க" என்றாள்.

எத்தனையோ வருஷமாக நான் அவளிடம் சொல்லி வந்த பேச்சு அது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் சுகமாகவும் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டாள், நான் சும்மா நடந்தேன். சும்மா நடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை? எதிரே இருந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். மருந்தகம். சைக்கிள் வாடகைக்கு விடப்படும். உள்ளே இடமில்லை, பக்கத்தில் கேட்கவும். மருந்தகப் பலகைக்குக் கீழே, சின்ன எழுத்தில், அம்மாடி, ஒரு 'ஔடதம்'. முழு ஔ. நட்ட நடுச் சாலையில் நின்றுவிட்டேன்.

"படிச்சது போதும். பஸ்ஸு வருது" என்றாள் உன் அத்தை.

இப்படிக்கு,
சாலையைத் தாண்டிவிட்ட உன் மாமா